ஆறாம் கட்டிலில் அய்யாக்கண்ணு

அத்தியாயம் 9

மணிமொழி வேலைக்குச் சேர்ந்து அன்றோடு பத்து வாரம் முடிந்திருந்தது. யாரும் அதைக் கொண்டாடவில்லை. அவளே ஹாஸ்டல் குளியலறை வரிசையில் நிற்கும்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

செந்துறையில் அவள் அம்மா அம்சவள்ளியைக் கேட்டால் கதை வேறு. நூறு நாள் வேலைக்கு வரும் அத்தனை பெண்களுக்கும் தெரியும், அம்சவள்ளியின் மகள் அரியலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், டாக்டரே அவளைக் கேட்டுத்தான் மருந்து எழுதுகிறார் என்று. பெற்ற வாய் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். மணிமொழியும் தினம் போனில், "நல்லா இருக்கேம்மா, எல்லாரும் பாசமா இருக்காங்க" என்று அந்தக் கதைக்குத் தன் பங்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

உண்மையில் அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. ஆண்கள் வார்டில் மற்ற நர்சுகள் எல்லாரும் டிப்ளமோ படித்து, அங்கேயே ஆறு வருடம், எட்டு வருடம் என்று ஊறியவர்கள். பட்டப்படிப்பு முடித்து வந்தவள் இவள் ஒருத்திதான். அதனால், "ஏ பி.எஸ்ஸி, பெட்ஷீட் மாத்து." "பி.எஸ்ஸிக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது." மதியம் அவர்கள் டப்பாக்களைத் திறந்து ஒருவர் சாதத்தில் ஒருவர் கைவைத்துச் சாப்பிடும்போது வார்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் பத்து வாரமாக இவள்தான். வார்டு நர்சுகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதும், அதில் தன்னைச் சேர்க்கவில்லை என்பதும் மூன்றாம் வாரம் அவளுக்குத் தெரிந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

சேரும்போது, மூன்று மாதம் ஒரு சீனியர் கூடவே இருந்து பழக்குவார் என்றார்கள். அவர் மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் திருச்சியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட, பாதி வார்டு இவள் தலையில் விழுந்தது.

போன வாரம் நாம் பார்த்த அந்த விண்ணப்பம்தான் இப்போது அவளுக்கு இருந்த ஒரே பிடி. பெரம்பலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பதற்கான ஆறு மாதப் பயிற்சி. படிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். தன்னைப் போலப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இருபது பேர் அங்கே ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், சந்தேகம் கேட்டால் சிரிக்க மாட்டார்கள் என்ற ஆசை இன்னொரு பக்கம். விண்ணப்பத்தில் வார்டுப் பொறுப்பாளர் சாந்தா சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு நாளாக அது அவர் மேஜை டிராயரில் கிடந்தது. இன்று மாலை நாலு மணிக்குள் கீழே ஆபீசில் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வருடம்தான்.

அப்படிப்பட்ட நாளில்தான் அது நடந்தது.

*

காலை எட்டு மணிக்கு டூட்டி மாற்றும்போது இரவு நர்ஸ் ஒப்பித்தாள். "மூணு, இன்னிக்கு வூட்டுக்குப் போவுது. ஆறு, சுகர் இருநூத்தி எழுபது, சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் பத்து யூனிட். பதினொண்ணு, மூச்சுத்திணறல். ஆறும் பதினொண்ணும் நேத்து வந்தது."

அந்த வார்டில் ஆட்கள் கிடையாது, நம்பர்கள்தான். ஒவ்வொரு ஊசியிலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, அதில் கட்டில் நம்பரை எழுதி ட்ரேயில் அடுக்குவார்கள். வேலை மளமளவென்று நடக்கும்.

மணிமொழி முதல் வாரம் இப்படிச் செய்யவில்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொருவரிடமும் "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டு, கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். ஹாஸ்டலில் எதிர் அறையில் இருக்கும் ஜெயசுதாதான் முதலில் ஆரம்பித்தாள். "ஏ பி.எஸ்ஸி, பேரெல்லாம் கேக்குறியே, சம்பந்தம் பேசப் போறியா?" வார்டே சிரித்தது, நோயாளிகள் உட்பட.

மறுநாளிலிருந்து மணிமொழி பெயர் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்படிச் செய்தால் தன்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. கேட்கிற பழக்கம் மட்டும் போய்விட்டது.

முந்தின நாள் அவளுக்கு வார விடுமுறை என்பதால் ஆறில் யார், பதினொன்றில் யார் என்று முகம் தெரியாது. எட்டு இருபதுக்கு, 'ஆறு' என்று எழுதிய ஊசியை எடுத்துக்கொண்டு ஆறாம் கட்டிலுக்குப் போனாள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் துணைக்கு யாரும் இல்லை. கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டில் இன்சுலின் பத்து யூனிட் என்று இருந்தது. வயிற்றில் போட்டாள்.

"சுகர் ஊசி போட்டாச்சுங்கய்யா. அரை மணி நேரத்துல சாப்டுடணும்."

அவர் கண்ணைத் திறந்தார். "எனக்கு ஏதும்மா சுகரு?"

மணிமொழி கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தாள். "உங்க பேரு?"

"அய்யாக்கண்ணு."

கேஸ் ஷீட்டில் வீரமணி என்று இருந்தது. எதிர் வரிசையில், பதினோராம் கட்டிலில், காலில் கட்டுப் போட்ட லாரி டிரைவர் ஒருவர் செல்போனைச் சார்ஜில் போட்டபடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் வீரமணி.

விஷயம் இதுதான். அந்த வார்டில் ஒன்றிலிருந்து ஏழு வரை கட்டில்களுக்குத் தலைமாடு தெற்கே. எட்டிலிருந்து பதினாலு வரை வடக்கே. பதினொன்றில் படுத்திருந்த அய்யாக்கண்ணுவின் மனைவி உண்ணாமலைக்கு, மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனை வடக்கே தலை வைத்துக் கிடத்தியிருக்கிறார்களே என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலை ஏழு மணிக்கு வீரமணியிடம் போய், "தம்பி, கட்டில மாத்திக்கிறியா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கேட்டாள். வீரமணிக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். பதினொன்றுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட பாயிண்ட் இருந்தது, அது போதும் அவருக்கு. போர்வை, தண்ணீர் பாட்டில், டிபன் கேரியர் எல்லாம் இடம் மாறின. கேஸ் ஷீட் இரண்டும் அந்தந்தக் கட்டிலிலேயே தொங்கின. இதையெல்லாம் நர்சிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

மணிமொழி ஓடினாள். "தப்பான ஆளுக்கு இன்சுலின் போட்டுட்டேன் சார்" என்று டூட்டி டாக்டரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். டாக்டருக்குத் திட்ட நேரமில்லை. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்படியும் ஒன்பதேகாலுக்கு அய்யாக்கண்ணுவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. மனைவியைப் பார்த்து யாரோ மாதிரி முழித்தார். உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்தரைக்கு மேல்தான் சுகர் ஏறியது. பன்னிரண்டுக்கு அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார், டீ வேண்டும் என்றார். அதுவரை மணிமொழி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் விரலைக் குத்திப் பார்த்தபடி கட்டில் பக்கத்திலேயே நின்றாள். ஊசியைப் போட்டது தான்தான் என்று மட்டும் உண்ணாமலையிடம் சொல்லவில்லை. அவள் பார்க்க வேண்டிய மற்ற கட்டில்களை ஜெயசுதா எடுத்துப் பார்த்தாள். ஆனால் இவள் பக்கம் திரும்பவில்லை. வார்டில் அத்தனை பேர் இருந்தும் தண்ணீர் குடித்தாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

*

"ஒக்காரு" என்றார் சாந்தா சிஸ்டர். பத்து வாரத்தில் அவர் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

சாந்தா சிஸ்டரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பது வருட சர்வீஸ். நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேரை வைத்து ஓட்டுகிறவர். வார்டுச் சத்தம் மேலே கேட்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த நிர்வாகம்.

"ஆளு நல்லா இருக்காரு. டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். கட்டில மாத்துனது அந்தம்மா. நர்சுகிட்ட சொல்லாம நாங்களே மாத்திக்கிட்டோம், வந்ததுக்கு நாங்களே பொறுப்புன்னு எழுதிக் கைநாட்டு வாங்கியாச்சு."

"பேரு கேக்காம போட்டது நான்தானே சிஸ்டர்."

"கேட்டியா இல்லியான்னு உன்ன யாரு கேட்டா?" அவர் டிராயரைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நாலு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போட்டுத் தரேன். நீ அந்த இன்சிடென்ட் புக்கத் தொடாம இருந்தாப் போதும். எழுதுனா மேல சூப்பரின்டென்டென்ட் மேடம் விசாரணைம்பாங்க. உன் வேல போவும், எனக்கு மெமோ வரும். யாருக்கு என்ன பிரயோஜனம்?"

இன்சிடென்ட் புக் என்பது, வார்டில் ஏதாவது தவறு நடந்தால் நடந்தபடி எழுதி வைக்க வேண்டிய நோட்டு. அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. சேர்ந்த புதிதில் மணிமொழி அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடமாக அதில் ஒரு வரி கூட இல்லை. அந்த நோட்டை நம்பினால் அந்த வார்டில் இரண்டு வருடமாகத் தவறே நடக்கவில்லை.

"சரிங்க சிஸ்டர்" என்றுதான் சொன்னாள். மறைப்பானேன், அந்த நிமிடம் அவளுக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

நிம்மதி மாடிப்படி வரைக்கும் தாங்கவில்லை. படியில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அறிவரசன் சிமென்ட் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிறு தவறாமல் அவன் வரதராஜன்பேட்டைக்குப் போவதும், எதற்கு என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், அங்கே யாரோ ஒரு பெண் இருக்கிறாள் என்று அம்சவள்ளி முடிவு கட்டிவிட்டதும் முன்பே சொன்னதுதான்.

"அண்ணே, சாப்டியா?"

"இப்பத்தான் டப்பாவத் தொறந்தேன். என்ன, கொரலே சரியில்ல?"

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் அறிவரசன் டப்பாவை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்க பிளான்ட்ல இதுக்கு ஒரு சீட்டு வச்சிருக்காங்க மணி. ஏதாவது ஆபத்துலேர்ந்து தப்பிச்சா எழுதிப் பெட்டியில போடணும். போன வருசம் கல்லு ஓடுற பெல்ட்டுகிட்ட ஒரு மூடி லூசா இருந்துச்சு. என் சட்டையப் புடிச்சு இழுத்துச்சு, தப்பிச்சிட்டேன். எழுதல. எழுதுனா சூப்பர்வைசர் கத்துவாரு, வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு பயம்."

"அப்புறம்?"

"மறுவாரம் அதே எடத்துல இளவரசன் அண்ணனுக்கு வலது கையில மூணு வெரலு போச்சு."

மணிமொழி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வூடு வரதராஜன்பேட்டையில. அதான் வாரா வாரம் போறேன். சும்மா ஒக்காந்துட்டு வரேன். விசயத்த இன்னும் அவருகிட்ட சொல்லல." குரலைச் சரிசெய்துகொண்டான். "உன்ன எழுதச் சொல்லி நான் சொல்லல. உன் வேல போனா வூட்டு நெலம என்னன்னு எனக்குந் தெரியும். எனக்கு நடந்ததச் சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம், அம்மா உன்னப் பாக்க பஸ் ஏறிடுச்சு. உன்ன யூனிபார்ம்ல பாக்கணுமாம். சொல்லாதன்னு சொல்லுச்சு."

*

இரண்டரை மணிக்கு மருந்து எடுக்க வெளியே வந்தபோது, வராந்தா பெஞ்சில் அம்மாவின் முதுகு தெரிந்தது. மடியில் தூக்குவாளி. பக்கத்தில் உண்ணாமலை. மணிமொழி கதவோரமாக நின்றுவிட்டாள்.

"வடக்க தல வச்சுப் படுக்கப் போட்டா நானா இருந்தாலும் மாத்தித்தான்க்கா இருப்பேன்" என்று அம்சவள்ளி சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுல என்ன தப்பு?"

"தப்புன்னுதானே எழுதி வாங்கியிருக்காங்க. கைநாட்டு வச்சேன். என்ன எழுதியிருக்குன்னு தெரியல. முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்திட்டு, நானே அவரக் கொல்லப் பாத்தேன்னு எழுதியிருக்கோ என்னமோ. அவரு மொகத்தப் பாக்க முடியலம்மா. உள்ளயே போவல நான்."

பன்னிரண்டு மணிக்கு மேல் அந்தம்மாவைக் கட்டில் பக்கம் காணவில்லை என்பது மணிமொழிக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் பாட்டிலைக் கூட அய்யாக்கண்ணு தானே எட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்சவள்ளி திரும்பினாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து யூனிபார்ம் காலரை நீவிவிட்டாள். "இவதான்க்கா எம் பொண்ணு. இம்மாம் நேரம் சொன்னேன்ல."

உண்ணாமலை பெஞ்சிலிருந்து எழுந்து மணிமொழியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ பெத்த பொண்ணா இது? இதுதான் ஆத்தா எம் புருசனக் காப்பாத்துச்சு. பச்சத் தண்ணி குடிக்காம அவருகிட்டயே நின்னுச்சு." அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அம்சவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. செந்துறையில் அளந்துவிட்டதெல்லாம் உண்மையாகிவிட்ட மாதிரி நின்றாள்.

திட்டியிருந்தால் மணிமொழி தாங்கியிருப்பாள். நன்றி சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கைய விடுங்கம்மா. அந்த ஊசியப் போட்டதே நான்தான்."

உண்ணாமலைக்குப் புரியவில்லை.

"கட்டில யாரு வேணா மாத்தலாம். ஊசி போடுறதுக்கு முன்னாடி பேரக் கேக்க வேண்டியது என் வேல. நான் கேக்கல. அதனாலதான் அவருக்கு அப்படி ஆச்சு. உங்க மேல தப்பு இல்ல."

உண்ணாமலை மெதுவாகக் கையை விட்டாள். "அப்ப நான் இல்லியா?"

"நீங்க இல்லம்மா."

"அப்பறம் ஏன் எங்கிட்ட கைநாட்டு வாங்குனாங்க?"

உண்ணாமலை அவளை மேலும் கீழும் பார்த்தாள். சற்று முன் இருந்த நன்றி இப்போது அந்த முகத்தில் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று வார்டுக்குள் புருஷனிடம் போனாள்.

அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள்.

"வேலைய விட்டுத் தூக்கிருவாங்களாடி?"

"தெரியலம்மா. இப்பப் போயி நடந்தத எழுதிக் குடுக்கப் போறேன்."

"எல்லாரும் பாசமா இருக்காங்கன்னு சொன்னியே. கூட ஒருத்தரும் இல்லியா?"

"சும்மா சொன்னேம்மா. யாரும் இல்ல."

அம்சவள்ளி பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்து வாரமாகத் தான் சொன்ன கதைகள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "போ, போயி எழுத வேண்டியத எழுது. நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

*

மணிமொழி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, நர்சுகள் மேஜையிலேயே வைத்து எழுதினாள். தேதி, நேரம், மருந்து, அளவு. நோயாளியின் பெயர் கேட்கவில்லை. கட்டில் மாறினால் சொல்ல வேண்டும் என்று நோயாளியின் மனைவியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவர் மீது தவறில்லை. ஊசியில் கட்டில் நம்பருக்குப் பதில் பெயர் எழுதலாம். கீழே தன் பெயரைப் போட்டாள்.

நிமிர்ந்தால் பின்னால் ஜெயசுதா நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"ம்."

ஜெயசுதா குனிந்து படித்தாள். "பேரு கேட்டப்ப நாங்க சிரிச்சத எழுதல?"

"அது எதுக்கு?"

ஜெயசுதா அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "தள்ளு" என்று நாற்காலியில் பாதி இடத்தில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தாள். போன மாதம் பத்தாம் கட்டிலுக்கான ரத்த அழுத்த மாத்திரையை ஒன்பதாம் கட்டிலுக்குக் கொடுத்தது, அவர் கழிவறைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்தது, யாரிடமும் சொல்லாமல் விட்டது. ஐந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இது யாருக்கும் தெரியாதே" என்றாள் மணிமொழி.

"எனக்குத் தெரியுமில்ல. அதுலேர்ந்து ஒவ்வொரு மாத்திரையையும் மூணு தடவ பாத்துட்டுத்தான் குடுக்குறேன். எந்த மாத்திரைய எதோட சேத்துக் குடுக்கக் கூடாதுன்னு உங்கிட்ட கேட்டுக் கத்துக்கலாம்னு பாத்தேன். கிண்டல் பண்ணிட்டு எந்த மூஞ்சிய வச்சிட்டு வந்து கேக்கறது?"

மூன்றே முக்காலுக்கு சாந்தா சிஸ்டர் வந்தார், கையில் விண்ணப்பத்தோடு. திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தார். இரண்டு பேர் எழுதியதையும் நின்றபடியே படித்தார். கத்தவில்லை. விண்ணப்பத்தை இரண்டாக மடித்து நோட்டுக்குள் வைத்து மூடி, கையிடுக்கில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அதில் கையெழுத்துப் போட்டிருந்ததா என்று மணிமொழியால் பார்க்க முடியவில்லை.

நாலு மணி அடித்தது. நாலேகால் ஆனது. கீழே ஆபீசை மூடியிருப்பார்கள். பெரம்பலூரில் தனக்கு முகம் தெரியாத அந்த இருபது பேர் தான் இல்லாமலே வகுப்பில் உட்காரப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலரைக்கு சாந்தா சிஸ்டர் வெறுங்கையோடு இறங்கி வந்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேடம் ரூமுக்கு வரணும். ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

மணிமொழி வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் அம்மா அப்படியே இருந்தாள். தூக்குவாளி திறக்காமல் இருந்தது.

"என்னடி சொன்னாங்க?"

"நாளைக்குக் காலையில எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டிருக்காங்க."

"ரெண்டு பேருன்னா? நீயும் யாரு?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜெயசுதா யாருக்கோ போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மணிமொழி அவளைக் காட்டினாள். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் காலையிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது.

"ஜெயசுதான்னு பேரும்மா. எங்கூட வேல பாக்குறா."